புளோரைடைக் காட்டிக்கொடுக்கும் நிறம்

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர், 1886-இல் பிர்ரோலையும் அசிட்டோனையும் அமிலத்தில் வினைபுரிய வைத்தார். வெள்ளைப் படிகம் ஒன்று கிடைத்தது. செயற்கை முறையில் அவுரி நீலத்தை உருவாக்கியவர் அவர். 1905-இல் நோபல் பரிசும் பெற்றார். சாயங்களைக் கரைத்துக் குடித்த அந்த மேதைக்கும் அந்தப் படிகத்தின் அருமை தெரியவில்லை.

அது வெளிப்பட 110 ஆண்டுகள் ஆயின. 1996-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் செஸ்லர், பிலிப் கேல் உள்ளிட்டோர் அதை ஆராய்ந்தார்கள். நான்கு பிர்ரோல் வளையங்கள் கைகோத்த வட்டம் அந்த மூலக்கூறு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு நைட்ரஜன். அதோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன். புளோரைடு போன்ற எதிர்மின் அயனி நெருங்கினால் நான்கு ஹைட்ரஜன்களும் அதன் பக்கம் திரும்புகின்றன. வட்டம் கிண்ணமாகக் குவிந்து அயனியைத் தாங்கிக்கொள்கிறது. இப்படி அயனிகளைப் பிடிக்கும் மூலக்கூறுகளுக்கு ‘ஏற்பி’ என்று பெயர். இந்த ஏற்பிக்குக் காலிக்ஸ்பிர்ரோல் என்று பெயர் வைத்தார்கள்.

எதிர்மின் அயனிகளைப் பிடிப்பது லேசான வேலை அல்ல. குளோரைடு உருண்டை, நைட்ரேட் தட்டையான முக்கோணம், பாஸ்பேட் நான்முகி. ஒன்றுக்குச் செய்த பள்ளத்தில் இன்னொன்று சரியாக அமராது.

பிடித்தால் மட்டும் போதாது, பிடித்ததைக் கண்ணுக்குக் காட்டவும் வேண்டும். அதற்காக ஏற்பியோடு சாயத் தன்மையுள்ள பகுதி ஒன்றை இணைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் நைட்ரோ தொகுதி இருக்கும். அயனி வந்து ஹைட்ரஜனைப் பற்றியதும் மூலக்கூறில் எலெக்ட்ரான்களின் பரவல் மாறுகிறது. அது விழுங்கும் ஒளி வேறாகிறது. எனவே நாம் பார்க்கும் நிறமும் வேறாகிறது. செஸ்லர் குழு 1999-இல் வெளியிட்ட இவ்வகை ஏற்பி ஒன்றின் மஞ்சள் கரைசல், புளோரைடு பட்டதும் ஊதாவாகியது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணுக்கே தெரிந்த மாற்றம்!

ஆனால் அந்த நிறத்தை அப்படியே நம்பிவிட முடியாது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ஃபாப்ரிட்சி குழுவினர் யூரியா வகை ஏற்பிகளை ஆராய்ந்து 2004-இல் ஓர் உண்மையைச் சொன்னார்கள். புளோரைடு மிகும்போது ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை. அந்த ஹைட்ரஜனையே புரோட்டானாகப் பறித்துக்கொள்கிறது. பளிச்சென்ற நிறமாற்றம் பல நேரங்களில் அந்தப் பறிப்பின் விளைவு. காரத்தன்மையுள்ள வேறு அயனிகளும் இதே வேலையைச் செய்யலாம் என்பதால், நிறம் மாறியது என்பது மட்டுமே புளோரைடுக்குச் சாட்சி ஆகாது.

இதைவிடப் பெரிய தடை தண்ணீர். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவை டைகுளோரோமீத்தேன், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்களில் நடந்தவை. தண்ணீரிலோ புளோரைடைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கமாகச் சூழ்ந்திருக்கும். அவற்றை விலக்கி அதைப் பிடிக்க ஏற்பி திணறுகிறது. இத்துறையின் உண்மையான தேர்வு நடப்பது தண்ணீரில்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவ்வளவு சிறிய அளவைக் குழாய்த் தண்ணீரிலேயே காட்டும் ஏற்பிதான் மக்களுக்குப் பயன்படும்.

இதற்கு மாறாக, ஆய்வகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு முறை தண்ணீரிலேயே வேலை செய்கிறது. சிர்கோனியம் உலோகத்தோடு இணைந்த சிவப்புச் சாயத்தில் புளோரைடு கலந்தால், அது சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதை வைத்து அளவைக் கணக்கிடுகிறார்கள்.

புளோரைடு நம் வீட்டு விஷயமும்கூட. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறக்கக் காரணம். வரம்பு மீறிய புளோரைடு குழந்தைகளின் பற்களில் கறையை உண்டாக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் முடக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, புளோரைடு அளவை ஒருமுறையாவது சோதித்துக்கொள்ளுங்கள்.