பிரம்மதேசம் (ஊர்ப்பெயர்)

பிரம்மதேசம் என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு வழங்கும் பெயராகும். பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட ஊரைக் குறிக்கும் பிரம்மதேயம் என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது எனக் கருதப்படுகிறது.

விழுப்புரம் மாவட்டத்திலேயே இப்பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று விழுப்புரத்துக்கு வடமேற்கே, எண்ணாயிரத்துக்கு அருகில் உள்ளது. சோழர் காலப் பாதாளீசுவரர், பிரம்மபுரீசுவரர் கோயில்கள் இங்குள்ளன. மற்றொன்று திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் உள்ளது. ஆகவே இக்கோயில்களைக் காண வருவோர் திண்டிவனத்தில் ஊர்ப்பெயரை மட்டும் கேட்டுப் பேருந்து ஏறினால் வேறு ஊருக்குச் சென்றுவிட நேரும். எண்ணாயிரத்தையும் சேர்த்துக் கேட்பது நன்று.

பிற மாவட்டங்களில்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் சந்திரமௌலீசுவரர் கோயில் உள்ளது. இங்குள்ள கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சி: 1014–1044) மறைந்தபோது உடன் உயிர்நீத்த அரசி வீரமாதேவியைக் குறிப்பிடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள பிரம்மதேசம் கைலாசநாதர் கோயிலுக்குப் பெயர்பெற்றது.