ஒரிஜினல் ஃபைல் எங்கே?

டீசல் கார் வைத்திருப்பவர்கள் ‘ரீமேப்’ என்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, லேப்டாப்பில் கொஞ்ச நேரம் தட்டினால் வண்டி பாயும் என்பார்கள். பாயத்தான் செய்யும். அந்த நேரத்தில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வில் என்ன நடக்கிறது என்பதை வண்டிக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது.

போஷ் நிறுவனத்தின் இ.டி.சி.16-ஐ எடுத்துக்கொள்வோம். 2000-களின் நடுவில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் கார்கள் பலவற்றில் இருந்த இ.சி.யூ. இது. இதன் ஃப்ளாஷ் மெமரியில் இரண்டு சரக்கு உண்டு: ஒன்று இன்ஜினை ஓட்டும் புரோகிராம், மற்றது அந்தப் புரோகிராம் பார்த்து நடக்கும் அட்டவணைகள். இந்த அட்டவணைகளைத்தான் ‘மேப்’ என்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை இவ்வளவு மிதித்து, இன்ஜின் இத்தனை சுற்றில் ஓடினால் எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தர வேண்டும் என்று ஒரு மேப் சொல்லும். உள்ளே வரும் காற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் விடலாம் என்று இன்னொன்று வரம்பு கட்டும். அதைத் தளர்த்தினால் கரும்புகை. டியூனிங் செய்பவர் பெரும்பாலும் புரோகிராமைத் தொடுவதில்லை, இந்த எண்களைத்தான் மாற்றுகிறார்.

எண்களை மாற்ற, முதலில் அவற்றைப் படிக்க வேண்டும். சாதாரண ஸ்கேனர் எரர் கோடு போன்ற விவரங்களைத்தான் கேட்டு வாங்கும். ரீமேப்புக்கான கருவியான புரோகிராமர் மெமரியையே கேட்கும். சும்மா கொடுக்காது இ.சி.யூ. முதலில் ஒரு எண்ணை அனுப்பும். அதற்குச் சரியான விடை எண் திரும்பி வந்தால்தான் கதவு திறக்கும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பல இ.சி.யூ.க்கள், ஒயரைச் செருகும் அந்த ஓ.பி.டி. போர்ட் வழியாக எழுத விடும், படிக்க விடாது. சர்வீஸ் சென்டரில் அப்டேட் போட எழுத முடிந்தால் போதும் அல்லவா? அப்படிப்பட்ட வண்டியில் கருவி மென்பொருள் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, அதே எண்ணுள்ள கம்பெனி ஃபைலை சர்வரிலிருந்து இறக்கிக் கொடுக்கும். ‘விர்ச்சுவல் ரீட்’ என்பது இதுதான். திரையில் ‘ரீட் முடிந்தது’ என்று வரும். ஆனால் அது உங்கள் வண்டியிலிருந்து வந்ததல்ல. முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றி வைத்திருந்தால் அதில் தெரியாது. முழுதாகப் படிக்க, இ.சி.யூ.வைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். சிலவற்றில் ஒட்டிய மூடியைப் பிரித்து, போர்டிலேயே ஊசிகளைத் தொட வைக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விவரம் இருக்கும் ஈப்ரோம் என்ற மெமரியையும் சேர்த்து எடுத்து வைப்பது வழக்கம். வேலை கூடுதல்தான், ஆனால் என் கணக்கில் அந்தக் கூலி வீண் இல்லை.

எழுதுவது பழைய சுவரில் புதுச் சுண்ணாம்பு பூசுவது போல அல்ல. ஃப்ளாஷ் மெமரியில் பகுதி பகுதியாகப் பழையதை அழித்த பிறகே புதியது ஏறும். இடையில் மின்சாரம் தொய்ந்தால், லேப்டாப் தூங்கிப்போனால், பாதி புரோகிராமோடு வண்டி நிற்கும். இ.சி.யூ.வின் தொடக்கப் புரோகிராமான பூட்லோடர் பிழைத்திருந்தால் மறுபடி ஏற்றிவிடலாம். அதுவும் போனால் மூடியைப் பிரிக்கத்தான் வேண்டும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் என்ற நிலையில் பேட்டரி வேகமாக இறங்கும், ரேடியேட்டர் ஃபேன் வேறு திடீரென்று சுற்றலாம். அதனால் வோல்டேஜ் ஆடாத பவர் சப்ளையை இணைத்துவிட்டே நல்ல கடைக்காரர் தொடங்குவார்.

இன்னொரு காவல், செக்சம். மெமரியில் உள்ளதைக் கூட்டிப் பார்த்து, பதிவில் உள்ள விடையோடு இ.சி.யூ. ஒப்பிடும். ஒரு எண்ணை மாற்றிவிட்டு இதைத் திருத்த மறந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். நல்ல கருவிகள் தாமே திருத்தும். பிந்தைய இ.டி.சி.17 வகைகள் பலவற்றில் டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. வெறும் கூட்டல் கணக்கால் அதை ஏமாற்ற முடியாது.

வண்டியை விடுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: நிஜமான ரீடா, விர்ச்சுவலா? மாற்றுவதற்கு முன் வண்டியிலிருந்து படித்த ஒரிஜினல் ஃபைலை பென் டிரைவில் கையில் வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.