நகரும் விண்மீன்

ஒருநாள் அந்தி சாய்ந்த பொழுதில், பாலக்கரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து என் பேரன் வானத்தைச் சுட்டிக்காட்டினான். மலைக்கோட்டைப் பக்கம் எழுந்த ஓர் ஒளிப்புள்ளி தென்கிழக்கே விரைந்து சென்று, நடுவானிலேயே மங்கி மறைந்தது.

"விமானம்" என்றேன்.

"விளக்கு மினுக்கவில்லையே தாத்தா, ஓசையும் இல்லையே?" என்றான்.

பல்லாண்டு பாடம் சொன்ன நான் வாயடைத்து நின்றேன்.

அவன் கண்டது பன்னாட்டு விண்வெளி நிலையம். அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவருகிறது. நமக்குக் கதிரவன் மறைந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயில் நிலையத்தின்மீது பட்டுத் திரும்புவதையே நாம் ஒளியாகக் காண்கிறோம். பூமியின் நிழலுக்குள் அது புகுந்ததும் ஒளி அணைகிறது. ஆகவே அதனை அந்தியிலும் விடியலுக்கு முன்னரும் தேட வேண்டும். நள்ளிரவில் தேடிப் பயனில்லை.

2000 நவம்பர் முதல் அங்கே மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். 2025-இல் நம் நாட்டவரான சுபான்ஷு சுக்லாவும் 18 நாட்கள் அங்கே தங்கினார்.

மறுநாள் பேரனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். குழந்தைகள் வினவும்போது, விடை கூறுமுன் அவர்கள் காட்டும் திசையை நாமும் ஒருமுறை நன்கு நோக்குதல் நலம்.