விவாகரத்தும் வழக்கறிஞர் துணையும்

சிங்கப்பூரில் வாழும் இந்துத் தமிழர் ஒருவர் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலிலோ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலோ அக்கினி சாட்சியாக, உற்றார் உறவினர் அட்சதை தூவ, மங்கல நாண் பூட்டினாலும், திருமணப் பதிவகத்தின் உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில் முறைப்படி நிறைவேறினாலொழிய அந்த விவாகம் சட்டத்தின் பார்வையில் விவாகமாகாது என்பதை நம்மவர் நன்கு அறிவர். முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பதோடு பதிவுக்கும் சேர்த்தே நாள் பார்க்கிறோம். ஆனால் அதே சட்டம் அந்தப் பந்தத்தை எவ்விதம் அவிழ்க்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. கலியாணத்தை ஊர் கூட்டிப் பேசும் நாம், அது முறிவதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். ஆகையால் மனக்கசப்பு முற்றி, வீட்டை விட்டு ஒருவர் வெளியேறி, சேமிப்பும் கரைந்த பிறகே வழக்கறிஞரின் வாயிற்படியை மிதிக்கிறோம். இந்தத் தாமதத்தால் விளையும் நஷ்டத்தில் பெரும்பகுதி பெண்களையும் பிள்ளைகளையுமே சேர்கிறது என்பதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

1961ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்த மாதர் சாசனமே இங்கு மூலாதாரம். அதற்கு முன், முஸ்லிம் அல்லாத சமூகங்களிலும் ஒருவன் ஒருத்திக்கு மேற்பட்டோரை மணப்பதற்கு வழக்கத்தின் பெயரால் இடமிருந்தது. பம்பாயில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய ஷிரின் ஃபொஸ்டாரும், 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றமும், சட்டமன்றத்தில் வாதாடிய சான் சோய் சியோங்கும் விடாது முயன்றதன் பயனாகவே ஏகதார மணம் சட்டமாயிற்று. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து வேரூன்றிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் விவாகமும் தலாக்கும் 1958இல் நிறுவப்பெற்ற ஷரியா நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. அங்கே விதிகள் வேறு என்பதால், இங்கு நான் சொல்வன பெரும்பாலும் மற்றவர்களுக்கே பொருந்தும்.

விவாகமாகி மூன்றாண்டு நிறையும் முன் விவாகரத்து மனுச் செய்ய இயலாது. அசாதாரணமான கொடுமையோ துன்பமோ நேர்ந்திருந்தால் மட்டும் நீதிமன்றத்தின் தனி அனுமதியைக் கோரலாம். தாம்பத்தியம் சீர்செய்ய இயலாதபடி முறிந்துவிட்டது என்பது ஒன்றே சட்டம் ஏற்கும் அடிப்படை. அதை நிறுவுவதற்கு நெடுங்காலமாக ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்ட வேண்டியிருந்தது, இல்லையேல் பிரிந்து வாழ்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது. பிறரோடு கூடா உறவு, சகித்து வாழ முடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டிருத்தல், மற்றவர் சம்மதித்தால் மூன்றாண்டும் சம்மதியாவிடில் நான்காண்டும் பிரிந்திருத்தல் ஆகியவை அந்த வழிகள். 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர இணக்கம் என்ற ஆறாவது வழியும் திறந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து, மணம் முறிந்ததன் காரணத்தையும், ஒன்றுகூட எடுத்துக்கொண்ட முயற்சிகளையும், பிள்ளைகள், பொருள் சம்பந்தமாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளையும் எழுதித் தெரிவிக்கலாம். மீண்டும் சேர்ந்து வாழ நியாயமான வாய்ப்பு உண்டென்று தோன்றினால் நீதிமன்றம் அந்த இணக்கத்தை ஏற்க மறுக்கவும் கூடும். பத்து, இருபது ஆண்டு கூடி வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்திப் பிரமாணப் பத்திரம் எழுதாமலே பிரிய இயலும் என்பது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சட்டம் செய்த மிகப் பெரிய உபகாரம் என்பதே என் துணிபு.

ஹேவ்லாக் சதுக்கத்தில் இயங்கும் குடும்ப நீதிமன்றத்தில் இந்த வழக்கு இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் மணம் முறிந்ததா என்பது தீர்மானமாகி, இடைக்காலத் தீர்ப்பு வழங்கப்படும். இரண்டாவது கட்டத்தில் பிள்ளைகள், வீடு, சொத்து, ஜீவனாம்சம் ஆகியவை முடிவாகும். குறைந்தது மூன்று மாதம் கடந்து, இவையும் தீர்ந்த பின்னரே இறுதித் தீர்ப்பு; அதற்கு முன் மறுமணம் செய்துகொள்ள முடியாது. எல்லாவற்றிலும் உடன்பட்டு எளிய முறையில் மனுச் செய்வோர் பெரும்பாலும் நீதிபதி முன் நிற்கவே நேர்வதில்லை. முரண்பட்டவர்களுக்கோ இரண்டாவது கட்டம் ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடும்; வழக்கறிஞரின் உண்மையான உழைப்பும் அவருக்குச் செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதியும் இங்கேதான் செல்கின்றன.

பிள்ளைகளை முதலில் பார்ப்போம். 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள பெற்றோர், மனுச் செய்யுமுன், பிரிந்த பின்பும் இருவரும் பெற்றோராகத் தொடர்வது எப்படி என்பதை விளக்கும் வகுப்பை முடித்திருக்க வேண்டும். பின்னர் நீதிமன்றமே ஆலோசகரிடமும் சமரசப் பேச்சுக்கும் அனுப்புகிறது. "பிள்ளை யாருக்கு?" என்பதே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. சட்டம் அதனை இரண்டாகப் பிரிக்கிறது. கல்வி, மதம், பெரிய சிகிச்சை முதலியவற்றை முடிவு செய்யும் பொறுப்பு ஒன்று. அன்றாடம் உடன் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு மற்றொன்று. முன்னது தாய் தந்தை இருவரிடமும் கூட்டாக இருப்பதே இயல்பான நிலை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தெளிவுபடுத்தியது. பின்னது ஒருவரிடம் அளிக்கப்பட்டாலும், மற்றவருக்குப் பிள்ளையைக் காணவும் உடன் வைத்திருக்கவும் நாளும் நேரமும் வகுக்கப்படும். ஆகவே மாமியார் வீட்டாரும் தாய் வீட்டாரும் பிள்ளையை வென்றெடுப்பதாக எண்ணிப் பணத்தை வாரியிறைப்பது வீண். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குழந்தை எந்த வீட்டில் இருக்கும், பள்ளி விடுமுறையை எப்படிப் பகிர்வது என்று வழக்கறிஞர் மூலம் எழுதி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

வீடு அடுத்தது. நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில். அதை வாங்க எடுத்த மத்திய சேமநிதிப் பணத்தை, விற்கும்போது வட்டியுடன் கணக்கிற்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் நிறைந்ததா, ஒருவர் பங்கை மற்றவர் ஏற்கும் தகுதி உண்டா என்பவற்றைக் கழகத்திடம் விசாரிக்காமல் சமரசப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, பின்னர் அதை நிறைவேற்ற முடியாமல் தவிப்பவரும் உண்டு.

சொத்தைப் பங்கிடும் முறையை 2015ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு வகுத்தது. பணமாகச் சேர்த்ததில் ஒவ்வொருவர் பங்கென்ன என்பது ஒரு விகிதம். இல்லம் பேணியது, பிள்ளை வளர்த்தது முதலிய பணிகளில் பங்கென்ன என்பது மற்றொரு விகிதம். இரண்டின் சராசரியே பொதுவாக ஆரம்ப நிலை. கணவர் 70, மனைவி 30 என்று பணத்தில் பங்களித்து, குடும்பப் பணியில் அது 30, 70 என்றிருக்குமாயின், சராசரி சரிபாதியாகும். கணவர் மட்டுமே சம்பாதிக்க, மனைவி முழுநேரமும் இல்லம் நடத்திய நீண்டகால மணங்களில் இந்தக் கணக்கு பொருந்தாது, சமபங்கையே நோக்க வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. "நான் ஒரு வெள்ளிகூடச் சம்பாதித்ததில்லையே, எனக்கென்ன உரிமை?" என்று கண்ணீர் மல்கக் கேட்கும் தாய்மார்கள் இதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். சேமிப்பு, ஊரில் வாங்கிய நிலம், நகை எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது வெளிப்பட்டால் நீதிமன்றம் மறைத்தவருக்குப் பாதகமாகவே முடிவு கொள்ளும். பெற்றோர் அளித்ததும் பரம்பரையாக வந்ததும் பொதுவாகப் பங்கீட்டில் சேரா என்றாலும் விதிவிலக்குகள் உண்டு. இதை வழக்கறிஞரிடம் கேட்டே அறிய வேண்டும்.

"வக்கீலிடம் போனால் தேக்கா முழுதும் தெரிந்துவிடுமே!" என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை: கட்சிக்காரர் சொன்னதை இரகசியமாகக் காப்பது வழக்கறிஞரின் தொழிற்கடமை. இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வாதாட முடியாது. "இருவருக்கும் நானே போதும்" என்று எவரேனும் சொன்னால் விலகிவிடுவது நல்லது. வழக்கில் கிடைப்பதில் பங்கு தருவதாக ஒப்பந்தம் செய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. இணக்க வழக்குகளுக்கு நிர்ணயித்த தொகை, முரண்பட்ட வழக்குகளுக்கு மணிக்கணக்கு என்பது வழக்கமாதலால், கட்டணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். முதல் சந்திப்புக்கு விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சேமநிதி அறிக்கை, வீட்டுக் கடன் விவரம், வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டுசெல்வோருக்குப் பணமும் காலமும் மிஞ்சும். வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், தகுதிச் சோதனைக்குட்பட்டு உதவ 1958 முதல் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம் இயங்குகிறது. பீட்டி ரோட்டிலுள்ள இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் அக்கம்பக்கத்துக் குடும்பச் சேவை நிலையங்களும் வழி காட்டும். அடி உதை நேர்ந்தால் விவாகரத்துக்குக் காத்திராமல் உடனே தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு மனுச் செய்ய வேண்டும். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் மணந்து, வேலை நிமித்தம் இங்கு வந்திருப்போரின் நிலை மேலும் நுட்பமானது. இருவரில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டிருந்தாலோ, மனுவுக்கு முன் மூன்றாண்டு வழக்கமாக இங்கு வசித்திருந்தாலோதான் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இங்கு பெற்ற தீர்ப்பை இந்தியா தானே ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணுவதும் ஆபத்து; அயல்நாட்டுத் தீர்ப்பு, மணந்த சட்டம் அனுமதிக்கும் காரணத்தின் மீது, எதிர்த்தரப்பும் உண்மையில் பங்கேற்றோ சம்மதித்தோ வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1991இல் நரசிம்மராவ் எதிர் வேங்கடலட்சுமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. கணவரைச் சார்ந்த அனுமதி அட்டையில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு, மணம் முறிந்தால் தங்கும் உரிமையும் போய்விடும். குழந்தையைச் சொல்லாமல் ஊருக்கு அழைத்துச் செல்வது பெரும் சிக்கலை விளைவிக்கும்: குழந்தைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 முதல் அமலில் இருந்தாலும் இந்தியா அதில் சேரவில்லையாகையால், பிள்ளையைத் திரும்பப் பெற ஊர் நீதிமன்றங்களிலேயே நெடுநாள் போராட நேரும். ஆகவே இத்தகையோர் இங்குள்ள ஒரு வழக்கறிஞரோடு தமிழ்நாட்டில் ஒருவரிடமும், மனுவில் கையெழுத்திடுமுன்னரே, ஆலோசனை பெற வேண்டும்.