மணலுக்குள் மறைந்திருக்கும் ஏஞ்சல் சுறா

சுறா என்றதும் பாய்ந்து வரும் மீனே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், திருக்கையைப் போலத் தட்டையாகக் கடலடியில் படுத்திருக்கும் சுறாவையும் அல்லாஹ் படைத்திருக்கிறான். இறக்கைபோல் விரிந்த துடுப்புகளால் அதற்கு ஏஞ்சல் சுறா என்று பெயர்.

சுமார் 2.4 மீட்டர் வரை வளரும் இது, பகலில் உடலை மணலால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பல சுறாக்கள் மூச்சுவிட நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். இதுவோ படுத்த இடத்திலேயே நீரை இழுத்துச் செவுள்வழியே வெளியேற்றும். மீனோ கணவாயோ அருகில் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கவ்விவிடும். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டிகளாகப் பிறக்கின்றன.

ஒரு காலத்தில் வட கடல் முதல் மத்தியதரைக் கடல் வரை இது பரவலாக வாழ்ந்தது. இன்று ஸ்பெயினின் கேனரி தீவுகளே இதன் முக்கியப் புகலிடம். காரணம், கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி வலைகள். அசையாமல் கிடப்பது இரை பிடிக்க உதவுகிறது. வலையிலிருந்து தப்ப உதவுவதில்லை. குட்டிகளும் குறைவு என்பதால் இழப்பு ஈடாவதில்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. பிரிட்டன் 2008 முதல் சட்டப் பாதுகாப்பு அளித்துள்ளது.

கடலுணவு நமக்கு ஹலால்தான். ஆனால் வீண்விரயம் ஹலால் அல்ல. தேவையின்றி வலையில் சிக்கிச் சாகும் உயிர்களைப் பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும். கடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணி நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக!