தேய்ந்த மெஷினும் தேய்த்த கண்ணாடியும்

ஜவ்வாது மலையின் கிழக்கே, செய்யாற்றை ஒட்டிய ஊர் கலசப்பாக்கம். அங்கிருந்து மலையைக் கடந்து போனால் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்களுக்கு நடுவே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கொடைக்கானல் வானாய்வகத்தில் நம்மவர்களே செய்தது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் உள்நாட்டு வேலைதான். அதன் கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றினார்கள்.

இப்படிப்பட்ட கண்ணாடியின் மேற்பரப்பில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே நட்சத்திரம் கலங்கித் தெரியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தேய்க்கிற மெஷினின் பேரிங்கிலும் பல்சக்கரத்திலும் இதைவிடப் பல மடங்கு ஆட்டம் இருக்கும். ஆட்டமுள்ள மெஷினிலிருந்து ஆட்டமில்லாத பரப்பு எப்படி வருகிறது?

பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் வைப்பவருக்கும் இதே கேள்விதான். பம்புசெட் ஷாஃப்ட், டிராக்டர் பாகம் என்று வேலை வரும் கலசப்பாக்கம் போன்ற ஊரில், மேசைமேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின் நிறையவே உதவும். லேத்தில் பொருள் சுற்றும், டூல் நகரும். மில்லிங்கில் கட்டர் சுற்றும், பொருள் நகரும். சாவிக்காடி வெட்டலாம், தட்டையாக முகம் எடுக்கலாம், அளந்த இடத்தில் துளை போடலாம்.

முதல் சிக்கல் கரண்ட். பழைய மெஷினில் பெரும்பாலும் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வழியிருந்தால், ஒரு வி.எஃப்.டி. டிரைவ் போதும். அது சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகத் தரும். பெல்ட் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்யும். எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

அடுத்தது தேய்மானம். பழைய மெஷின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வேலை எப்போதும் டேபிளின் நடுவில்தான் நடக்கிறது. எனவே டேபிளை நகர்த்தும் லீட் ஸ்குரூவும் சறுக்குப் பரப்பும் நடுவில்தான் அதிகம் தேயும். சறுக்குப் பரப்பின் இடைவெளியைச் சரிசெய்யும் கிப் என்ற பட்டையை நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், டேபிள் ஓரத்துக்குப் போகும்போது சிக்கிக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது டேபிள் அசையாமல் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றுகிறதே, அதுதான் பேக்லாஷ். இதற்காகத்தான் அனுபவசாலிகள் எந்த அளவையும் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து பிடிப்பார்கள்.

டிஜிட்டல் ரீட்-அவுட் பொருத்தினால் இந்தத் தொல்லை பாதி தீரும். அது ஸ்குரூவை நம்புவதில்லை; டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்பதை நேரடியாக அளக்கிறது. கண்ணாடி ஸ்கேல் உள்ளவை சாதாரணமாக 5 மைக்ரான் வரை காட்டும். ஆனால் கட்டர் சுற்றும் திசையிலேயே பொருளை ஊட்டினால், அந்த வெற்று இடைவெளிக்குள் கட்டர் டேபிளை வெடுக்கென்று இழுத்துவிடும், பல் உடையும். ரீட்-அவுட் அளவைத்தான் சொல்லும், ஆட்டத்தை நிறுத்தாது.

இனி மெஷின் தலையின் நிமிர்வு. கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலில் டயல் கேஜைப் பிடித்து, அதன் முனை டேபிளைத் தொட்டபடி 200 மில்லிமீட்டர் விட்டத்தில் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டினால் தலை சாய்ந்திருக்கிறது. 50 மில்லிமீட்டர் கட்டரில் அது 12 மைக்ரானுக்கு மேல். அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு நடுவே படிபோல நிற்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். போல்ட்டைத் தளர்த்தி, லேசாகத் தட்டி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நிற்கும்வரை இதே வேலைதான்.

முள் அசைகிறதா என்று பார்க்கத் தட்டையான ஒரு பரப்பு வேண்டுமே, அந்த முதல் தட்டை எங்கிருந்து வந்தது? இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் அவை அச்சாகப் பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்றாவது தட்டைச் சேருங்கள். நீலச் சாயம் பூசி, ஒட்டும் மேட்டைச் சுரண்டி, மூன்றையும் இரண்டிரண்டாக, கால் சுற்று திருப்பியும், மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். குழிவுக்கும் குவிவுக்கும் அங்கே இடமே இல்லை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் சமதளமாவதுதான். இந்த முறையை 1840-ல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் விளக்கினார்.

இரண்டு தட்டில் கிடைக்கும் அந்தக் குழிவுதான் தொலைநோக்கி செய்பவருக்கு வேண்டியது. இரண்டு கண்ணாடி வட்டுகளை நடுவில் பொடி தூவி எல்லாத் திசையிலும் தேய்த்தால், மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பொருந்தி நிற்கக்கூடிய வளைவு கோளம் மட்டுமே. எனவே பரப்பு தானாகவே கோளமாகிறது. அதன்பின் சோதனை. 19-ஆம் நூற்றாண்டில் லியோன் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனையில், ஒரு சிறு விளக்கும் பிளேடும் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மேட்டை நிழலாகக் காட்டிவிடும். மேட்டை மட்டும் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி பார்ப்பார்கள்.

ஆறவிடுவது முக்கியம். 300 மில்லிமீட்டர் இரும்புத் துண்டு 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர் நீளும். ஒரு தலைமுடியின் பருமன். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு. காவலூரின் பெரிய கண்ணாடிக்கு, சூட்டில் அநேகமாக விரியாத ஜெரோடர் என்ற பொருளைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் இதுதான். சித்திரை வெயிலில் வெட்டிய சூட்டோடு அளக்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சி.என்.சி., பால் ஸ்குரூ எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் செலவு ஒரு நல்ல டயல் கேஜுக்கும் ஒரு சிறிய கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டுக்கும் இருக்கட்டும். எவ்வளவு தவறு என்று அளக்கத் தெரிந்தவர் கையில், தேய்ந்த மெஷினும் தன்னைவிடத் துல்லியமான பொருளைச் செய்யும்.