ஒரு கழித்தல் குறியின் விலை

10-லிருந்து -3-ஐக் கழித்தால் 13. இந்தக் கணக்கை ஒரு ஜாவா நிரல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடம் கேட்கிறது. 10 என்று பதில் வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. எங்கே தேடுவது?

நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று கேள்வியையும் பதிலையும் கடத்தும் மென்பொருள்தான் டிரைவர். போஸ்ட்கிரெஸுக்கான திறந்தமூல ஜாவா டிரைவரின் பெயர் பிஜிஜேடிபிசி. வழக்கமாக அது கட்டளையையும் மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்பும். ‘சிம்பிள்’ முறைக்கு மாற்றினால், கட்டளையில் மதிப்பு வரவேண்டிய இடத்தைக் காட்டும் கேள்விக்குறிக்குப் பதிலாக மதிப்பைத் தானே எழுதி, எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக அனுப்பிவிடும். நம் நிரல் ஓடுவது இந்த முறையில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தரவுத்தளத்தின் லாக். கட்டளைகளைப் பதிவுசெய்யும்படி அமைத்திருந்தால், டிரைவரிடமிருந்து வந்துசேர்ந்த வாக்கியம் அங்கே அப்படியே பதிவாகியிருக்கும். ‘10-?’ என்பது ‘10--3’ ஆகியிருப்பது அங்கே தெரிந்துவிடும். எஸ்கியூஎல் மொழியில் அடுத்தடுத்து வரும் இரண்டு கோடுகள் குறிப்புரையின் தொடக்கம். அந்த வரியில் மீதியைத் தரவுத்தளம் பொருட்படுத்தாது. மிஞ்சுவது 10.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் விடை சரி. -3-க்குப் பதில் 3 கொடுத்தாலும் சரி. வழக்கமான முறைக்குத் திரும்பினாலும் சரி. பிழையின் எல்லை இப்படித்தான் துலங்கும்.

தப்பான விடையோடு ஆபத்து நிற்கவில்லை. அதே வரியில் அடுத்து ஓர் எழுத்துச்சர மதிப்பு வந்தால், அதன் தொடக்க மேற்கோள்குறியும் குறிப்புரைக்குள் போய்விடும். அந்த மதிப்புக்குள் ஒரு வரிமாற்றத்தை வைத்து அனுப்பினால், அதற்குப் பின் தாக்குபவர் எழுதியது கட்டளையாகவே ஓடும். இந்தக் குறை, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில், 2024 பிப்ரவரியில் சிவிஇ-2024-1597 என்ற எண்ணோடு வெளியானது. 42.7.2 பதிப்பில், மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் இட்டு அனுப்பும்படி டிரைவரைத் திருத்தினார்கள்.

இப்படி ஒரு பிழையைக் கண்டால் டிரைவரைப் பராமரிப்பவருக்கு அறிக்கை எழுத வேண்டும். நல்ல பிழையறிக்கை சுருக்கமானது. டிரைவர், தரவுத்தளம், ஜாவா ஆகியவற்றின் பதிப்பு எண்கள், மாற்றிய அமைப்புகள், எந்தக் கணினியிலும் ஓட்டிப் பார்க்கக்கூடிய சில வரி நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை. இவை இருந்தால் பராமரிப்பாளர் உடனே வேலையைத் தொடங்கலாம். பாதுகாப்பு சார்ந்த குறையை மட்டும் பொதுவெளியில் எழுதாமல், திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். திருத்தம் வருமுன் விவரம் பரவினால் தாக்குபவருக்கே வழிகாட்டியதாகிவிடும்.

பழைய பிஜிஜேடிபிசியைச் சிம்பிள் முறையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், முதலில் பதிப்பு எண்ணைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.